ஒரு மணி குறைந்த கரை

முதலில் கையைப் பார்ப்பார். பிறகு தோளை. முகத்துக்கு வந்து சேர்வதற்குள் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் எனக்கு நேர் கீழே இருந்தார். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு மேற்பார்வையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் வந்தவர், அதே கடையில், அதே தளத்தில், ஏறக்குறைய அதே தூணோரத்தில் நரைத்துப்போனவர். கட்டடம் முழுக்க அவரை அண்ணாச்சி என்றது. பெயர் என்று ஒன்று மின்சார அட்டையில் இருந்திருக்கும். யாரும் படித்ததில்லை.

அவர் வேலை சேலை விற்பதல்ல. சேலை காணாமல் போகாமல் பார்ப்பது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒருமுறை அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம் பட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அண்ணாச்சி தூணில் சாயாமல் நின்றார். என்னைப் பார்த்தார். அதாவது என் தோள்பையைப் பார்த்தார், பையின் திறந்த வாயைப் பார்த்தார், அதற்குள் போய்விட்டு வந்த என் கையைப் பார்த்தார். தெரிந்தவர் என்ற அடையாளம் ஒரு மயிரிழைகூட இல்லை. மறுநாள் படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, என்னையே திருடி மாதிரி பாத்தீங்க?"

"கடையில எனக்கு அக்கம்பக்கம் கெடையாதும்மா. எங்கம்மை எந்திரிச்சு வந்தாலும் பையைத்தான் பாப்பேன்."

"அப்போ திருடியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அந்தக் கேள்விக்காகவே பல வருடம் காத்திருந்தவர் போல ஒரு படி கீழே இறங்கி நின்றார். "வாங்க வந்தவ சேலையைப் பாப்பா. திருட வந்தவ சேலையைப் பாக்கமாட்டா, ஆளைப் பாப்பா. கை அதுபாட்டுக்குச் சேலையில கெடக்கும். கண்ணு நம்ம மேல இருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்."

அந்தச் சூட்சுமத்தை அவர் கடையோடு விட்டுவிட்டு வருவதில்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேங்காயைக் காதருகில் ஆட்டி, கடைக்காரர் முகத்தைப் பார்த்து, மறுபடி ஆட்டுவார். சிலிண்டர் வந்தால் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்து முத்திரையைத் தடவுவார். அவர் மனைவி வாசலில் நின்று சிரிப்பார். வாய்நிறையச் சிரிக்கும் பெண்மணி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"இவருக்கு நான் வச்ச குழம்பு மேலயே சந்தேகம்தான் பாத்துக்கோ. உப்பு போட்டேன்னு சொன்னா நம்பமாட்டாரு. மோந்து பாப்பாரு. உப்புக்கு எங்கயாவது வாசனை உண்டா?"

"உண்டு" என்பார் அண்ணாச்சி உள்ளேயிருந்து.

அக்காவின் சிறுநீரகங்கள் கைவிட்டபின் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். மகன் கோயம்புத்தூரில். பகலில் பார்த்துக்கொள்ள சீனிவாசபுரத்திலிருந்து ஸ்டெல்லா வந்தாள். மீன் விற்கும் வீட்டுப் பெண், கையில் வலு உண்டு. அக்காவைக் கட்டிலிலிருந்து குழந்தையைப் போலத் தூக்கி நாற்காலியில் வைப்பாள். காலையில் இங்கே வருமுன் கட்டடத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பாள். அண்ணாச்சி முதல் நாள் அவள் கைகளைத்தான் பார்த்தார். முகத்துக்கு வர ஒரு வாரமானது.

ஒரு சனிக்கிழமை முற்பகல், அவர் கடைக்குப் போன பின், அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்டெல்லா ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஒரு பட்டுச் சேலை. இலைப்பச்சை. அரக்குக் கரை. கரையில் ருத்திராட்சம் கோத்ததுபோல் ஒரு வரிசை. அக்கா விரலை வைத்து ஓரிடத்தைக் காட்டினார். அங்கே ஒரு மணி இல்லை. நெய்தவர் கை அந்த இடத்தில் எதையோ நினைத்திருக்கிறது.

"கல்யாணமான மூணாம் வருசம். டேமேஜுன்னு ஒதுக்கினதுல எனக்குன்னு எடுத்தாரு. இதுல குத்தம் இருக்குன்னு ஒன்னையும் என்னையும் தவிர ஒருத்திக்கும் தெரியாதுன்னாரு. அதுக்கேத்த மாதிரி மடிச்சுக் காட்டினாரு." சிறிது மூச்சு வாங்கினார். "நீ வச்சுக்கோ. கட்டு. இங்க இருந்தா என்மேல போத்தி எரிச்சிருவாவ. இல்லேன்னா இவரு தங்கச்சி கொண்டு போயிருவா."

"அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டு..."

"சொல்லாத. அவரே கண்டுபிடிக்கட்டும்." சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், தெரிந்தும் சிரித்தார். "ஊரான் சேலைக்கெல்லாம் காவல் நின்ன மனுசன். எனக்குப் பொறவு அவருக்கும் ஒரு வேலை வேணும்லா?"

அதை நான் நோயாளியின் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சேலையைத் துணிக்கடைப் பை ஒன்றில் வாங்கிக்கொண்டு மாடியேறினேன். ஸ்டெல்லா திரும்பவே இல்லை. கேட்டாளா, கேட்கவில்லையா? அந்த முதுகு எதையும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து அக்கா போனார்.

சாவு வீட்டில் அழாத ஆணை யாருக்கும் பிடிப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் அண்ணாச்சி நின்றார், கடையில் நிற்பதுபோல, எதன் மீதும் சாயாமல். பிறந்த வீட்டார் கோடி கொண்டுவந்து போர்த்தினார்கள். மாலைகள் வந்தன. ஒவ்வொருவர் கையும் பெட்டியின் மேல் படும்போதும் அவர் கண் அந்தக் கையோடு போய்க் கையோடு திரும்பியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தங்கள் விரல்களை ஒளித்துக்கொண்டார்கள். "கல்நெஞ்சு" என்று கீழே யாரோ சொன்னது கேட்டது. எனக்கும் சந்தேகம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளையும் இவர் ஒரு சரக்காகத்தான் காவல் காத்தாரோ?

அதன்பின் அவர் படுத்துவிட்டார். கடைக்குப் போகவில்லை. மழிக்கவில்லை. ஸ்டெல்லா சமைத்து வைத்தது வைத்தபடி இருந்தது. "வாயில வச்சிட்டு கீழ வச்சிடறாரு க்கா. இப்டியே போனா இவரும் போய் சேந்துடுவாரு" என்றாள் படிக்கட்டில். மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தார்கள். அண்ணாச்சியின் தங்கை தனக்கென்று ஒரு சேலையை எடுத்துக்கொள்ள வேண்டும், அது வழக்கம். எல்லாவற்றையும் கட்டிலில் அடுக்கினார்கள். அண்ணாச்சி வாசற்படியில் நின்று பார்த்தார்.

"பச்சை எங்க?"

அந்தக் குரல் மேல் மாடியில் இருந்த எனக்கே கேட்டது.

மறுநாள் காலை என் கதவு தட்டப்பட்டது. மழித்த முகம். தேய்த்த சட்டை. "ஒரு விசாரணையும்மா" என்றார். கட்டடத்தில் எல்லாக் கதவையும் தட்டியிருக்கிறார். சாவன்று யார் யார் உள்ளறைக்குப் போனது, யார் கையில் பை இருந்தது, ஆம்புலன்ஸ் வந்தபோது பீரோ சாவி எங்கே கிடந்தது. நான் தெரியாது என்றேன். என் கைகளைப் பார்த்தார். கைகளில் கோதுமை மாவு இருந்தது. விரல்களை மறைத்த மாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அன்று மாலை ஸ்டெல்லா மூச்சிரைக்க ஏறி வந்தாள். "ரெண்டு இட்லி துன்னாரு க்கா! இன்னொண்ணு வைன்னாரு!"

அப்போதுதான் அக்காவின் இருமல் கலந்த சிரிப்பு எனக்குப் புரிந்தது. வேலை கிடைத்துவிட்டது அவருக்கு. தெருமுனை இஸ்திரி வண்டியில் விசாரித்தார். டயாலிசிஸ் பிரிவின் வாசலில் போய் நின்று விசாரித்தார். துப்புக்கு அலையும் மனிதனுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, சட்டைக்குப் பொத்தான் போடத் தோன்றுகிறது. அந்தப் பச்சைச் சேலை என் அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் இருந்தபடியே அவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருப்பதை நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

ஆனால் தேடும் கண் சுற்றிக்கொண்டே இருக்காது. எங்காவது அமரும்.

அது ஸ்டெல்லாவின் மேல் அமர்ந்தது. கூச்சல் போடவில்லை அவர். கட்டடச் சங்கச் செயலாளரிடம் போய், "பீரோ இருந்த ரூம்ல முழுநாளும் இருந்தது அந்தப் பிள்ள ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாள் அவளைக் காவலாளி வாசலில் நிறுத்தினார். மற்ற இரண்டு வீடுகளும் வேறு ஆள் பார்த்துக்கொண்டன.

நான் அப்போதாவது இறங்கிப்போய் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது நாள் சொல்லவில்லை. தரமணியில் எனக்கு வேலை. பறக்கும் ரயிலில் நின்றபடி வாக்கியங்களைத் தயாரிப்பேன், இறங்குவதற்குள் கலைத்துவிடுவேன். இப்போது போய்ச் சொன்னால், அன்றைக்கு ஏன் தெரியாது என்றாய் என்று கேட்பார். கட்டடம் கேட்கும். இன்னொரு கேள்வி அதைவிட மோசமாகக் குடைந்தது. ஸ்டெல்லா ஏன் சொல்லவில்லை? அறையில்தானே இருந்தாள்? காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்தும் சொல்லாதவள் அதை எதற்காகச் சேர்த்துவைக்கிறாள்? என்றைக்கு என்னிடம் வந்து, என்ன கேட்பாள்? அவளுக்கு அநியாயம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் நான் அவளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் வீட்டுக்கு மேலே குடியிருந்ததில் தொற்றிக்கொண்டது போலும்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் தனியாக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அக்கா சொன்னது, சிரித்தது, நான் வாங்கிக்கொண்டது. மேசையில் சேலையை வைத்தேன்.

அவர் கை நீண்டு அதை எடுத்தது. ஒரு உதறல், ஒரு மடிப்பு, மறு மடிப்பு. மணி விட்டுப்போன இடம் தானாகவே உள்ளே போய் மறைந்தது. விரல்கள் தேடவில்லை, தடவவில்லை, நேராக அந்த இடத்துக்குப் போயின. என்னிடமே நீட்டினார்.

"இது இல்லம்மா."

"அண்ணாச்சி, கரையில பாருங்க, ருத்திராட்சம்..."

"இது இல்ல."

அவ்வளவு நேரமும் அவர் சேலையைப் பார்க்கவே இல்லை. கை அதுபாட்டுக்குச் சேலையில் கிடந்தது. கண் என் மேல் இருந்தது.

படியேறும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்த மனிதர் தனக்குச் சொந்தமானதையே என் கண்ணெதிரில் திருடியிருக்கிறார், தேடுவது நின்றுவிடாமல், காணாமல் போனது காணாமலே இருக்கட்டும் என்று. அதற்கு விலையாக ஒரு பெண் வாசலுக்கு வெளியே நிற்கிறாள்.

மறுநாள் காலை அவள் நிஜமாகவே வாசலுக்கு வந்துவிட்டாள். காவலாளியைத் தள்ளிவிட்டு, வண்டிகள் நிற்கும் இடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"இன்னா பெரியவரே! கதவாண்ட வா! நான் பொடவைய எட்த்துகினு போனத நீ பாத்தியா? பாத்த கண்ண காட்டு!"

ஜன்னல்கள் திறந்தன. செயலாளர் கையில் காபியோடு வெளியே வந்தார். "ஏம்மா, இங்க சத்தம் போடாத. எதுவா இருந்தாலும் மெதுவா பேசு."

"நீ சும்மா இரு சார். மெதுவா பேசித்தான மூணு வூட்டு வேலய புடுங்கினீங்க? போலீசாண்ட போலாம் வா, ஸ்டேசன் கிட்டத்துலதான் கீது. எங்க ஏரியாவுல எங்கம்மா தலைய குனிஞ்சிகினு மீன் விக்குது. உன் பொண்டாட்டிய தெனம் குளிப்பாட்டுன கை இது பெரியவரே. எல்லாத்தையும் மோந்து பாப்பியே, இத மோந்து பாரு!"

இரண்டாவது மாடிக் கம்பிக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றது எனக்குத் தெரிந்தது. கீழே போகப்போகிறார் என்று நினைத்தேன். காலடி மேலே வந்தது. என் கதவருகே நின்றார்.

"அதைக் குடும்மா."

"எதை அண்ணாச்சி?"

"இது இல்லன்னு சொன்னேன்லா. அதை."

கொடுத்தேன். பின்னாலேயே இறங்கினேன். செயலாளரின் கார் முன்புறத்தில், ஒரே வீச்சில், கடையில் விரிப்பதுபோல் விரித்தார். பச்சை வெயிலில் எழுந்து விழுந்தது. கரையைச் சுண்டி இழுத்து, ஒருத்திக்கும் தெரியாதென்று அவர் சொல்லியிருந்த அந்த இடத்தை எல்லாருக்கும் விரலால் காட்டினார்.

"இந்தா, இங்க ஒரு மணி இல்ல. இதுதான் நான் தேடினது. இந்தக் கட்டடத்துலதான் இருந்திருக்கு. இந்தப் பிள்ள எடுக்கல." நிறுத்தினார். "எடுத்தான்னு சொன்னது என் கண்ணு. அது தப்பு."

யார் வீட்டில் இருந்தது என்று செயலாளர் கேட்டார். "கெடச்சிட்டு சார். அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சி. அழுதார் அப்போது. சத்தமில்லாமல், பொருளை விரித்து வைத்துவிட்டு வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் அதே நிலையில். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வராதது கார் முன்னால் வந்தது. காணாமல் போனது கிடைத்துவிட்டால் பிறகு போனவள் போனவள்தானே.

ஸ்டெல்லா சேலையைத் தொடவில்லை. குனிந்து, அந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கூட்டம் கலைந்ததும் என்னருகில் வந்தாள்.

"நீ வர்றதுக்கு முன்ன பீரோலருந்து பொடவையும் பையும் எட்த்து வெச்சது நான்தான் க்கா. பெரியவர்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அந்த வூட்டம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. மாதாவ தொட்டு." பின் குரலைத் தாழ்த்தினாள். "உங்கிட்டயும் வாங்கிச்சா?"

வாங்கவில்லை. என்னிடம் அக்கா வெறுமனே சிரித்தார், அவ்வளவுதான். நான் அதைச் சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டு நிற்கவும் இல்லை.

சேலையைச் சாயங்காலம் அவர் திருப்பிக் கொண்டுவந்தார், மடித்து, குற்றம் உள்ளே இருக்கும்படி. "அவ குடுத்தது. வச்சுக்கோ." ஸ்டெல்லாவை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "எங்க தெருவுல வந்து கூப்புடு. நாலு பேரு பாக்கணும்." போனார். மீன் கூடைகளுக்கு நடுவே தேய்த்த சட்டையோடு நின்று, அவள் அம்மா முகத்தைப் பார்த்து, வரச்சொல்லிக் கேட்டார் என்று அவளே சொன்னாள். அங்கே அவர் யார் கையையும் பார்க்கவில்லையாம்.

ஆனால் பத்து நாளில் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இட்லி வைத்தபடி இருந்தது.

"எதாச்சும் ஒண்ண காணாம அடிக்கணும் க்கா" என்றாள் ஸ்டெல்லா, அவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே. "நான் தொட மாட்டேன். ஒரு வாட்டி பட்டது போதும். நீ எடு. நான் இப்டிக்கா திரும்பிக்கிறேன்."

திரும்பிக்கொண்டாள். அதே முதுகு. நான் அக்காவின் நெய்க் கரண்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். என் வாழ்க்கையின் முதல் திருட்டு. வாசலைத் தாண்டும்வரை நெஞ்சு அடித்த அடி இருக்கிறதே!

மறுநாள் மழித்த முகத்தோடு வந்தார். "ஒரு விசாரணையும்மா." ஐந்து நாள் கழித்து கரண்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. "பாத்தியா! இங்க எப்படி வரும் இது? நடந்தா வரும்?" அந்த வாரம் கடைக்குப் போனார். தூணோரத்தில் நின்றார். பிறகு அரிவாள்மனை, பூத்தொடுக்கும் நூல்கண்டு, அக்காவின் பெயர் எழுதிய எவர்சில்வர் டம்ளர். மாதத்துக்கு ஒன்று. எல்லாம் போகும், எல்லாம் திரும்பும், எல்லாம் சம்பந்தமில்லாத இடத்தில் கிடைக்கும். ஸ்டெல்லாவின் பக்கம் அவர் கண் அதன்பின் ஒருமுறையும் போனதில்லை. என் பக்கம் போகும். சும்மா போய்விட்டு வரும்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பார்வை மங்கி, கடையில் நிற்க முடியாமல் ஆனதும் மகன் வந்து அழைத்துப்போனார். சாமான்கள் வண்டியில் ஏறியபோது அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றும் அவர் முன்னால் நின்று, பார்க்கப்பட்டு, பிறகுதான் ஏறியது. அந்த மாதம் நான் எடுத்தது அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. கிளம்புவது திடீரென்று முடிவானதில் திருப்பி வைக்க நேரம் வாய்க்கவில்லை. முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு, எப்படியாவது ஒரு பெட்டிக்குள் நழுவவிட்டுவிடலாம் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கதவை மூடும் நேரம் மகன் கேட்டார். "அப்பா, எல்லாம் சரியா இருக்கா? ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"எல்லாம் சரியா இருக்குடே" என்றார்.

வண்டியை அவர் பார்க்கவில்லை. முந்தானைக்குள் இருந்த என் கையையும் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.